ஜான்சன் சொல்லாமல் விட்டது

நாலு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத தேசப்பன், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஜான்சனின் வீட்டு வாசலில் வந்து நின்றார். மீனவக் குப்பத்திலிருந்து ஏரிப் பாலம் வழியாக ஓடியே வந்திருப்பார் போல. மூச்சு வாங்கியது. போனை ஜான்சனின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இந்தில இன்னாவோ சொல்றான். என் பொண்ணு நம்பர்லர்ந்து பேசறான். நீயே கேளு."

ஜான்சன் ஒருகாலத்தில் பழவேற்காட்டில் படகு இன்ஜின் பழுது பார்த்தவன். தேசப்பனின் இன்ஜினைக் கழற்றி மாட்டியதே எத்தனையோ முறை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த அன்றோடு அந்த உறவு முறிந்தது. துறைமுகத்தை எதிர்த்துக் கருப்புக்கொடி பிடித்த கூட்டத்தில் தேசப்பன் முன்வரிசையில் நின்றவர். அதன் பிறகு மார்க்கெட்டில் எதிரே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். துறைமுக யார்டில் வடக்கத்தித் தொழிலாளிகளோடு நின்று நின்று ஜான்சன் இந்தி கற்றுக்கொண்டிருந்தான். அந்த இந்திதான் இப்போது அவரை இங்கே கொண்டுவந்திருக்கிறது.

அவன் போனைக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் ஒரு வயதான ஆண் குரல். பின்னால் பாத்திரச் சத்தம், வண்டி ஹார்ன். குரல் வேகமாகப் பேசியது. யார்டு இந்தி தூக்கு, இறக்கு, இழு, நாளைக்கு லீவு என்ற அளவில்தான் ஓடும். இருந்தாலும் நடுவில் வந்த ஒரு வரி அவனுக்குத் தெளிவாகப் புரிந்தது. பெண் ஏரியில் குதித்துவிட்டாள், செருப்பும் போனும் படித்துறையில் கிடந்தன, நீங்கள் யார். பதில் சொல்ல ஜான்சன் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் 'சுவிட்ச் ஆஃப்' என்று வந்தது.

"இன்னா சொன்னான்?" என்றார் தேசப்பன்.

ஜான்சனின் மனைவி ரோசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேசப்பனின் கழுத்து நரம்பு துடிப்பதை ஜான்சன் பார்த்தான்.

"போன் கீழ கெடந்துச்சாம்ணா. எடுத்து வெச்சிக்கீறான். டீக்கடைக்காரன் மாதிரி தெரியுது."

"பொண்ணு?"

"அது அவனுக்குத் தெரியலன்றான்."



வைஷ்ணவிக்கு இருபத்து மூன்று வயது. பொன்னேரியில் ஓட்டல் படிப்பு படித்தவள். போன ஆடியில் உதய்ப்பூருக்கு ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பு வேலைக்குப் போனாள். தண்ணீர்ப் பக்கமே போகாத ஒரு வேலையாகப் பார் என்று தேசப்பன்தான் அவளைப் படிக்க வைத்தார். அந்த ஓட்டல் வேலைக்கு வழி காட்டியது ஜான்சன். யார்டில் வெல்டராக இருந்த ரத்தன் என்பவன் அந்த ஊர்க்காரன். அவனிடமிருந்து நம்பர் வாங்கி வைஷ்ணவிக்குக் கொடுத்தது, அவளுடைய அம்மா கஸ்தூரியம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது என்று ஜான்சன் நினைத்திருந்தான். ரத்தனும் இப்போது வேலையை விட்டு எங்கோ போய்விட்டான்.

அன்றைக்கே ஓட்டலுக்குப் போன் போட்டார்கள். அந்தப் பெண் வேலையை விட்டு ஒரு மாதமாகிறது என்றார்கள். எங்கே போனாள் என்று தெரியாதாம். தேசப்பன் அதைக் கேட்டு, போனை ஜான்சனிடமிருந்து வாங்கிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கூட வைஷ்ணவி அவரோடு பேசியிருக்கிறாள். ஓட்டலில் கூட்டம் அதிகம், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

"நான் போறேன். நீ வருவியா?" என்றார்.

மறுநாள் காலை சென்ட்ரலில் அகமதாபாத் ரயில் ஏறினார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. அந்த ஊரிலும் போய் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ரயில் பொன்னேரியைத் தாண்டியது, எளாவூரைத் தாண்டியது. தேசப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்து கிழக்கே பார்த்துக்கொண்டே வந்தார். ஏரி அங்கிருந்து தெரியாது. ஆனாலும் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கூடூர் தாண்டியதும் கண்ணை எடுத்துவிட்டார். பிறகு எதையும் பார்க்கவில்லை.

ஜான்சனால் உட்கார முடியவில்லை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கதவோரம் போனான். எதிரில் இருக்கும் மனிதருக்கு மகள் போய்விட்டாள் என்பது தனக்கு மட்டும் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை நீட்டுகிறார். வாங்கித் தின்ன வேண்டியிருக்கிறது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தான். ஓடுகிற ரயிலில் கதவு திறந்துதான் கிடக்கிறது என்ற நினைப்பு வந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

சாயங்காலம், விஜயவாடா தாண்டியபின், கழிவறைப் பக்கம் நின்று போனில் தேடினான். இந்தி எழுத்து அவனுக்கு வராது. குரலில் சொல்லித் தேடினான். உதய்ப்பூர், ஏரி, பெண். உள்ளூர்ச் செய்திக்காரர் ஒருவரின் வீடியோ வந்தது. காதில் ஒயரைச் சொருகிக்கொண்டு கேட்டான். ஏரியில் பெண் உடல், அடையாளம் தெரியவில்லை, அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை. நேற்று மாலை போட்ட வீடியோ. நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிப் படியேறுகிறார்கள். வெள்ளைத் துணி மூடியிருக்கிறது. ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் கொலுசு.

அதைப் பதினைந்து முறையாவது பார்த்திருப்பான். படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கக் கால் கலைந்து வெறும் புள்ளிகளாகப் போனது.

இருக்கைக்குத் திரும்பினான். தேசப்பன் தூங்கவில்லை.

"ஏண்ணா, வைஷ்ணவி கொலுசு போடுமா?"

தேசப்பன் அவனைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏன் கேக்கற?"

"சும்மாதான். வெளியூர்ல வெள்ளி, தங்கம் போட்டுனு திரிஞ்சா திருட்டுப் பசங்க..."

"போடும்," என்றார் தேசப்பன். "பொங்கலுக்கு அவ அம்மா புதுசு அனுப்பிச்சா."

ஏதாவது ஒன்றை வெளியே சொல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. சின்னதைச் சொன்னான்.

"அந்த ஓட்டல் வேல... நான்தாண்ணா நம்பர் குடுத்தேன். யார்டுல ஒருத்தன்கிட்ட வாங்கி. உன்கிட்ட சொல்லாம வுட்டுட்டேன்."

"அது தெரியும். கஸ்தூரி அன்னிக்கே சொல்லிட்டா. வேற எதுனா கீதா?"

"இல்லண்ணா."

தேசப்பன் தலையை ஆட்டினார். துண்டை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு சாய்ந்தார். துண்டுக்குள் அவர் கண் திறந்தே இருக்கும் என்று ஜான்சனுக்குத் தோன்றியது.

வியாழன் மாலை அகமதாபாத். பஸ் நிலையத்தில் படுத்து, விடியற்காலை பஸ் பிடித்தார்கள். குளிர் எலும்பைக் குடைந்தது. இருவரிடமும் கம்பளி இல்லை. ரோசி கொடுத்தனுப்பிய ஒரே சால்வையைத் தேசப்பனின் தோளில் போட்டான். நாலு மணி நேரம் போனதும் மலைகள் தொடங்கின. முதலில் தூரத்தில் சாம்பல் கோடுபோல இருந்தவை, பிறகு ரோட்டின் இரண்டு பக்கமும் வந்து நெருக்கின. ஒரு வளைவு திரும்பினால் அடுத்த வளைவு. முன்னால் என்ன வருகிறது என்றே தெரியவில்லை.

தேசப்பன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். புயல் சின்னத்தில் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போய்வந்த மனிதர். அவர் விரல்கள் வெளுத்திருந்தன.

"இன்னாடா ஊரு இது. நாலு பக்கமும் அடச்சிக்கினு கீது," என்றார். "இதுக்குள்ளயா என் பொண்ணு இருந்துச்சு."

'இருந்துச்சு' என்ற சொல் ஜான்சனின் காதில் சுருக்கென்று ஏறியது. ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்கப் பயமாக இருந்தது.

பகல் பன்னிரண்டுக்கு உதய்ப்பூரில் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தார்கள். குறுகலான தெருக்கள், சுவரெல்லாம் யானையும் குதிரையும் வரைந்த வீடுகள், ஒரு பெரிய கோயிலின் படிகள். பிறகு ஒரு வளைவின் கீழே நுழைந்ததும் ஏரி. இந்தக் கரையில் மலைபோல எழும்பி நிற்கும் அரண்மனை. தண்ணீரின் நடுவே வெள்ளை வெளேரென்று இன்னோர் அரண்மனை மிதப்பதுபோல நின்றது. அதற்குப் பின்னால் மலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. எங்கெங்கிருந்தோ வந்த சனங்கள் அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி படியில் நின்று சிரித்தது. ஜான்சன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவ்வளவு அழகான இடத்தில் நிற்பதே தப்புபோல இருந்தது.

டீக்கடைகளில் விசாரித்துக்கொண்டே போனார்கள். நாலாவது கடையில் ஒரு கிழவர் பேச ஆரம்பித்ததுமே, போனில் கேட்ட குரல் என்று ஜான்சன் அடையாளம் கண்டுகொண்டான். கிழவர் குனிந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார். அதில் போன் இருந்தது. அடியில் ஒரு ஜோடி செருப்பு. இடது செருப்பின் வார் அறுந்து, நீல நைலான் நூலால் தைத்திருந்தது. வலை தைக்கிற நூல்.

தேசப்பன் அந்தச் செருப்பைக் கையில் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

கிழவர் கையை ஏரிப் பக்கம் நீட்டிப் பேசத் தொடங்கினார். மறுபடியும் அதே வார்த்தை. குதித்துவிட்டாள். தேசப்பன் ஜான்சனைப் பார்த்தார்.

"சொல்லு."

ஜான்சன் குனிந்து பெட்டியிலிருந்த போனை எடுத்தான்.

"ஜான்சா. அவன் சொல்றத அப்பிடியே சொல்லு."

"ஏரில குதிச்சிடுச்சாம்ணா. செவ்வாக்கெழமையே சொன்னான். நான்தான் உன்கிட்ட..."

அடிப்பார் என்று நினைத்தான். தேசப்பன் அடிக்கவில்லை. படிகளில் இறங்கிப் போனார். கடைசிப் படியில் குந்தி, தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார். தலையைத் தூக்கிக் காற்று வரும் பக்கம் கன்னத்தைத் திருப்பினார். ஜான்சன் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தான்.

"எவ்ளோ ஆழம்னு கேளு," என்றார் தேசப்பன். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் ஜான்சனுக்கு உயிரே போகிற மாதிரி இருந்தது. "குளுந்த தண்ணி. நம்ம ஏரினா மறுநாளே மெதந்துரும். இங்க நாலு, அஞ்சு நாளாவும். காத்து வடக்கேர்ந்து அடிக்குது. அதோ, அந்த மண்டபத்து மூலையிலதான் ஒதுங்கணும். ஒரு படகு கேளு."

மேலேயிருந்து டீக்கடைக் கிழவர் கத்திக்கொண்டே இறங்கி வந்தார். அவர் பேச்சு இப்போது இந்தி மாதிரியே இல்லை, அந்த ஊர்ப் பேச்சாக இருந்தது. ஜான்சனுக்குப் பிடிபட்டது இரண்டே துண்டுகள். எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதோடு வீடியோவில் பார்த்த ஸ்ட்ரெச்சரும் அந்தக் காலும் சேர்ந்துகொண்டன.

இந்த முறை அவன் மறைக்கவில்லை. "எடுத்துட்டாங்களாம்ணா. ஆஸ்பத்திரில கீதாம்."

தேசப்பன் எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அரசு ஆஸ்பத்திரி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி மாதிரியே பெரிது. வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு மேடையில் தேசப்பனை உட்கார வைத்தான் ஜான்சன்.

"நான் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன். நீ வராத."

"நான்தான பாக்கணும்."

"மொதல்ல நான் பாக்கறேண்ணா. கேக்கறேன், தயவு பண்ணு."

அவர் மேடையிலேயே இருந்துகொண்டார்.

பிணவறை பின்பக்கம். வழியெல்லாம் ஜான்சன் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு போனான். பாதியில் வார்த்தைகள் மறந்து, முதலிலிருந்து தொடங்கினான். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நோட்டைப் பார்த்து, ஏரியா, பெண்ணா என்று கேட்டுத் தலையசைத்தார். உள்ளே குளிர். மருந்து வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை. அவர் ஒரு தட்டை இழுத்தார். முதலில் வந்தது கால். கொலுசு. ஜான்சன் சுவரைப் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு விடலாம், இது அவள்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வெளியே உட்கார்ந்திருக்கும் மனிதரை நினைத்துக் கண்ணைத் திறந்தான்.

நாற்பது வயதிருக்கும் பெண். தாடையில் மூன்று பச்சைப் புள்ளிகள் குத்தியிருந்தன. உப்பிப்போன முகம். யாரோ.

"இல்லை," என்றான் இந்தியில். "இல்லை, இல்லை, இவங்க இல்லை." நிறுத்த முடியாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் குப்பென்று பரவியது. அடுத்த நிமிஷமே அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. மூன்று நாளாக இவளைத் தேடி ஒருவரும் வரவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

காக்கிச் சட்டைக்காரர் நோட்டில் எதையோ அடித்தார். இது வேறு ஏரி என்றார். இந்த ஊரில் ஏரி ஒன்றா இரண்டா. பிச்சோலா ஏரியில் குதித்த பெண்ணையா தேடுகிறீர்கள்? அந்தப் படகுக்காரப் பெண்ணா? அவள் பெண்கள் வார்டில் இருக்கிறாள், இங்கே ஏன் வந்தீர்கள்?

ஜான்சன் அவரை மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்தான்.

வேப்பமரத்தடிக்கு ஓடினான். அவன் ஓடி வருவதைப் பார்த்ததுமே தேசப்பன் மேடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணா, உசுரோட கீதுண்ணா. வார்டுல கீது. எந்திரி."

அவர் எழவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. "பொய் சொல்லாதடா," என்றார் மெதுவாக. "இனிமே பொய் சொல்லாத."

இரண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். வைஷ்ணவியின் வலது தொடையில் பெரிய கட்டு. முகம் காய்ச்சலில் வற்றிப்போய் இருந்தது. அவள் அவர்களைப் பார்த்து, கனவோ என்று ஒருமுறை கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"நைனா," என்றாள்.

தேசப்பன் அவள் தலைமாட்டில் நின்று, நெற்றி, காது, தோள், கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டார். விரல்களை எண்ணுவதுபோலப் பிடித்துப் பார்த்தார். பிறகு கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

விஷயம் இதுதான். ஓட்டல் வேலை பிடிக்காமல் அவள் ஏரியில் சுற்றுலாப் படகுகள் கிளம்பும் துறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஏறுகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிடும் வேலை. படகு ஓட்டவும் பழகிக்கொண்டிருந்தாள். அப்பா திட்டுவார் என்று சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் டீ குடிக்கப் படித்துறைக்குப் போனபோது, குளிக்க இறங்கிய ஓர் ஆள் பாசியில் வழுக்கி உள்ளே போவதைப் பார்த்தாள். செருப்பையும் போனையும் போட்டுவிட்டுக் குதித்தாள். அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறும்போது, தண்ணீருக்கடியில் இருந்த பழைய இரும்புக் கம்பி தொடையைக் கிழித்துவிட்டது. படகுத்துறை ஆட்கள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு இரண்டு நாள் காய்ச்சலில் நினைவில்லை.

"யார் போனையாவது வாங்கிப் பேசியிருக்கலாமேம்மா," என்றான் ஜான்சன்.

"பேசனேன் மாமா. நைனா பழைய நம்பர்தான் மனப்பாடமா தெரியும். அந்த நம்பர்ல யாரோ எடுத்து ராங் நம்பர்னுட்டாங்க."

சாயங்காலம் வராந்தாவில் இரண்டு பேரும் டீ குடித்தார்கள். 

"செவ்வாக்கெழமையே சொல்லியிருக்கணும்ணா. பயந்துட்டேன்."

"நீ மறைக்கறனு தெரியும்," என்றார் தேசப்பன். "கொலுசு கேட்டியே, அப்பவே தெரிஞ்சிபோச்சு. கேட்டா சொல்லிருவியோனுதான் கேக்கல. நீ சொல்லாத வரைக்கும் எனக்கு அவ இருந்தா." அவர் டீயைக் கீழே வைத்தார். "ஆனா நீ பண்ணது தப்புதான்."

"தப்புதாண்ணா."

சனிக்கிழமை காலை, தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் வார்டு வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். உள்ளே வராமல் ஜான்சனைக் கூப்பிட்டாள். தேசப்பனும் கூட வந்தார். அவள் மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். புரியாமல் போக வழியில்லை. வைஷ்ணவி காப்பாற்றிய ஆள் இவளுடைய கணவர். கீழே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். விடியற்காலை போய்விட்டார். நுரையீரலில் தண்ணீர். அந்தப் பெண்ணுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், நாலு நாள் அவரோடு இருக்கக் கிடைத்தது, அவர் என்னோடு பேசினார். அவளிடம் இப்போது சொல்ல வேண்டாம், உடம்பு தேறட்டும். இதைச் சொல்லிவிட்டுக் குனிந்து தேசப்பனின் காலைத் தொட்டாள். அவர் பதறிப் பின்வாங்கினார்.

"இன்னா சொல்றாங்க?"

ஜான்சன் எல்லாவற்றையும் சொன்னான். தேசப்பன் அந்தப் பெண்ணின் முன்னால் கைகூப்பி நின்றார். அவள் படியிறங்கிப் போன பிறகும் கை இறங்கவில்லை.

உள்ளே வந்ததும் வைஷ்ணவி கேட்டாள். "யாரு நைனா? அந்தாளு வூட்டுக்காரம்மாவா? அவரு எப்பிடிக் கீறாராம்?"

ஜான்சன் தரையைப் பார்த்தான்.

"தேறிட்டாராம்மா," என்றார் தேசப்பன். "நீ கஞ்சி குடி."

எட்டு நாள் அங்கேயே இருந்தார்கள். யார்டு ஒப்பந்தக்காரர் ஜான்சனுக்குத் தினமும் போன் போட்டுத் திட்டினார். அவன் போகவில்லை. அவன் போய்விட்டால் தேசப்பனுக்கு மருந்துச் சீட்டுக்குக்கூட வழி தெரியாது. தையல் பிரித்து, தாங்குகட்டையோடு அவளைக் கூட்டிக்கொண்டு அகமதாபாத்தில் ரயில் ஏறினார்கள். வண்டி கிளம்பி ஊரைத் தாண்டியதும் தேசப்பன் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த ஆளைப் பற்றிச் சொன்னார். நேராகவே சொன்னார்.

வைஷ்ணவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வதோதரா வந்தது, போனது. இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சூரத்தில் வண்டி நின்றபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது என்றாள். ஜான்சன் பிளாட்பாரத்தில் இறங்கி ஓடினான்.